தாவல் விளையாட்டுக்களின் அருமையும் கொடுமையும்

"அரிது" என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் தரும். செய்தற்கு எளிதன்று என்பது ஒன்று; பெறுதற்கு எளிதன்று, ஆதலாற் போற்றற்குரியது என்பது மற்றொன்று. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோன்றிய வீடியோ விளையாட்டுக்களைப்பற்றி விடுதி மாணவர் இரவுணவிற்குப்பின் வழக்கிடுங்கால், இவ்விரு பொருளையும் ஒன்றாக மயக்கிப் பேசுதலைப் பலகாற் கேட்டிருக்கின்றேன். "அவைபோல் அரியன இன்றில்லை" என்பான் ஒருவன். "அரியனதாம்; அதனாற்றான் அவற்றைப் பத்து நிமிடத்துக்குமேல் ஆட மனம் ஒருப்படுவதில்லை" என்பான் மற்றவன். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி எதிரெதிர்த் திசையிற் செல்கின்றனர். பழைய ஆட்டங்கள் வீணே சினமூட்டுவன என்ற கட்சியைச் சார்ந்து யானும் உரத்துப் பேசியவனே. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவற்றுட் சிலவற்றை முறையாக ஆடிப் பார்த்தபின் என் கட்சி பாதி குலைந்தது. மற்றைப் பாதி முன்னினும் வலிவுற்றது. அவ்வாறானமைக்குக் காரணங்களை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

தமிழ்ப் பகுதியில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ என்று ஐயுறுவார் இருப்பின், கழங்கும் பந்தும் ஊசலும் நம் பண்டைப் புலவர்க்குப் பாடுபொருளாயின என்பதை நினைவூட்டி மேற்செல்வேன்.

யான் ஆராய எடுத்துக்கொண்டது ஒரே ஓர் இனம். மேலும் கீழுமாக அமைந்த திட்டுக்களின்மேல் ஒருவனை ஓடவும் தாவவும் செய்து, பள்ளத்தில் வீழாமலும் பகைவர்மேல் மோதாமலும் வழியின் முடிவிற்குக் கொண்டுசேர்க்கும் இனம் அது. இதனைப் 'பிளாட்பாரம்' விளையாட்டென்று பெயரிட்டு வழங்குவர். நம்மூரில் பிளாட்பாரம் என்றால் இரயிலடியோ கடைத்தெரு நடைபாதையோதான் கண்முன் நிற்கும். ஆதலின் யான் 'தாவல் விளையாட்டு' என்றே இக்கட்டுரை முழுதும் வழங்குவேன். தாவுதலே இதன் உயிர். 1980ஆம் ஆண்டிற் போந்த 'ஸ்பேஸ் பேனிக்' என்னும் ஆட்டத்தில் திட்டுக்களும் ஏணிகளும் இருந்தன, தாவல் இல்லை. மறுவருடம், 1981இல், ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 'டாங்கி காங்' என்பதனை வெளியிட்டது. ஷிகேரு மியாமோட்டோ என்பார் அமைத்த அவ்வாட்டத்தில், தச்சன் ஒருவன் உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி இரும்பு விட்டங்களின்மேல் ஏறி, குரங்கு கவர்ந்துசென்ற நங்கையை மீட்கின்றான். அத்தச்சனுக்கு அப்போது இட்ட பெயர் 'ஜம்ப்மேன்'. தாவுவோன் என்பதே பொருள். அவனே பின்னர் மாரியோ எனப் பெயர் பெற்று உலகறிந்தவனானான்.

அம்மாரியோவைத் தலைவனாகக் கொண்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1985ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஜப்பானில் வெளிப்போந்தது. உலகங்கள் 8, ஒவ்வோருலகிலும் கட்டங்கள் 4, ஆக 32 கட்டங்கள். இவ்வளவும் அடங்கிய நினைவகத்தின் அளவு 40 கிலோபைட்டே. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. ஆடுவோனுக்குத் தொடக்கத்தில் உயிர் மூன்று; பொற்காசு நூறு திரட்டினால் உயிர் ஒன்று கூடும். ஆட்டத்தை இடையில் நிறுத்தி மறுநாள் தொடரச் சேமித்துவைக்கும் வழி அதில் இல்லை.

என் தாய்மாமன் பள்ளிச்சிறுவராயிருந்த காலத்தில், 1998ஆம் ஆண்டில், 'டிவி கேம்' என்று நம் நாட்டுக் கடைகளில் விற்ற கருவியொன்றை அவர்க்கு வாங்கிக் கொடுத்திருந்தனர். நிண்டெண்டோவின் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்னும் கருவியை இசைவின்றிப் படியெடுத்துச் செய்தவை அவை. உடன் தந்த கேசட்டின்மேற் பல்லாயிரம் ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபதுதான் தேறும். எஞ்சியவை அவற்றையே வேறுவேறு கட்டத்திலிருந்து தொடங்குவன. எப்படியாயினும், முதல் எண்ணில் இருந்தது மாரியோ. அக்கருவியை மாமா துணியிற் சுற்றிப் பாட்டி வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். யான் கேட்டபோது கையில் தந்து, "இதை ஆடுதற்குப் பொறுமை வேண்டுமடா, உங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை" என்றார். "மாமா, நீங்கள் அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டீர்கள், அதைப் பொறுமை என்கிறீர்கள்" என்று யான் விடை கூறினேன். வாய்த்துடுக்கான விடைதான், ஆயினும் எங்கள் ஆராய்ச்சி அதிலிருந்தே தொடங்கிற்று.

முதல் நாளில் எனக்கே வெற்றியென்று தோன்றியது. மஞ்சள் முனையும் வெள்ளை முனையுமுடைய பழைய கம்பியால் அக்கருவியை எங்கள் வீட்டுத் தட்டைத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடினேன். பள்ளத்தின் விளிம்பில் பொத்தானை அழுத்துகின்றேன். மாரியோ தாவாமல் நடந்துசென்று வீழ்கின்றான். பலமுறையும் அவ்வாறே. "பாருங்கள், கையின் சொல்லைக் கேளாத ஆட்டம் இது" என்று மாமாவைத் தொலைபேசியில் அழைத்துக் கூறினேன். அவர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமற் கருவியை எடுத்துக்கொண்டு என்னைப் பாட்டி வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கே, மக்கள் 'டப்பா டிவி' என்று கூறும் படக்குழாய்த் தொலைக்காட்சியொன்று இன்றும் உயிரோடிருக்கின்றது. அதில் இணைத்ததும் மாரியோ வேறொருவனானான். நினைத்த கணத்தில் தாவினான். நினைத்த இடத்தில் இறங்கினான்.

காரணம் பின்னர் அறிந்தேன். படக்குழாயானது வந்த குறியை வந்தபடியே கோடு கோடாகத் திரையில் வரைந்துவிடும். தட்டைத் திரையோ வந்த படத்தை முதலில் வாங்கிவைத்து, தன் அளவிற்குப் பெருக்கித் திருத்தி, அதன் பின்னரே காட்டும். செய்தி கேட்பார்க்கும் திரைப்படம் காண்பார்க்கும் அத்தாமதம் புலப்படாது. வினாடிக்கு 60 படங்கள் என்ற கணக்கில் ஓடும் இவ்வாட்டத்திலோ, பத்தில் ஒரு வினாடி தாமதம் என்றால் ஆறு படங்கள் கடந்துபோகும். விரைந்து ஓடுவோன் அதற்குள் விளிம்பைத் தாண்டிவிடுவான். புதிய தொலைக்காட்சிகளில் 'கேம் மோடு' என்று ஓர் அமைப்பு வைத்திருப்பது இத்தாமதத்தைக் குறைத்தற்கே. பழைய தாவல் விளையாட்டுக்கள் கைக்கு இணங்குவதில்லை என்று இக்காலத்தார் கூறும் குறைகளுட் பல, ஆட்டத்தின் குறையல்ல. அதனைக் காட்டும் திரையின் குறை. யான் முதல் நாள் ஆட்டத்தின்மேற் சுமத்திய பழியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நிற்க. பிழை திரையினது என்று கழித்தபின்னும் ஆட்டம் கடினமானதே. அக்கடுமை எத்தன்மையது என்பதே ஆராயத்தக்கது. மாரியோவின் தாவலை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பொத்தானைத் தொட்டு விட்டால் சிறு தாவல். அழுத்திப் பிடித்தாற் பெருந்தாவல். ஓடிவந்து தாவினால் இன்னும் உயரம். வானில் இருக்கும்போதே முன்னும் பின்னும் சிறிது திருப்பலாம். ஓட்டத்தை நிறுத்த நினைத்தால் உடனே நில்லாது சறுக்கி நிற்பான். இவ்விதிகள் முதற்கட்டத்திலிருந்து முப்பத்திரண்டாங் கட்டம்வரை, தரையின்மேல் அவன் நடக்கும் இடமெல்லாம், அணுவளவும் மாறுவதில்லை. நீரில் நீந்தும் கட்டங்களுக்கு வேறு விதி. அதுவும் அக்கட்டங்கள் எல்லாவற்றிற்கும் ஒன்றே. ஆகவே வீழ்ந்தவன் ஏன் வீழ்ந்தான் என்பதனைத் தானே அறிவான். ஓடாமல் தாவினேன், பொத்தானை முன்னரே விட்டுவிட்டேன், ஆமையைப் பார்த்தேன், அதன் பின்வந்த மற்றோர் ஆமையைப் பார்த்திலேன்.

இவ்விதிகளை முதற்கட்டம் கற்பிக்கும் முறை ஒரு நல்லாசிரியரின் முறை. எழுத்தால் ஒரு சொல்லும் சொல்வதில்லை. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்க, வலப்பக்கம் வெற்றிடமாயிருத்தலின், செல்லவேண்டிய திசை தானே விளங்கும். சிறிது நடந்தால் முகஞ்சுளித்த சிறு பகைவன் ஒருவன் எதிரே வருவான். தாவாதார் அவன்மேல் மோதி மடிவர். மடிந்தாலும் இழப்பு சில வினாடிகளே. அப்பால், தலையால் முட்டிய பெட்டியிலிருந்து காளானொன்று வெளிப்பட்டு வலப்புறம் ஓடிக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வரும். அஞ்சித் தாவ முயன்றாலும் மேலுள்ள செங்கற்கள் தடுக்குமாதலின் பெரும்பாலும் அது நம்மேற் படும். படவே மாரியோ பெரியவனாவான். காளான் நன்மையென்பது இவ்வாறு கற்கப்படுகின்றது. இவ்வமைப்பு கருதிச் செய்ததே என்று மியாமோட்டோ பிற்காலத்தில் விளக்கியிருக்கின்றார். இன்னும் எனக்கு மிக இனித்தது ஒன்றுண்டு. அக்கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுக்கள் வரும்; இடையில் இருப்பது வெறுந் தரை. தவறித் தாவினாலும் கேடில்லை. சற்றே தள்ளி அதேபோன்ற இரண்டு படிக்கட்டுக்கள் மீண்டும் வரும். இம்முறை இடையில் இருப்பது பள்ளம். முதலில் ஒத்திகை, பின்னர்த் தேர்வு. நம் தேர்வுத்தாள் அமைப்போரும் இம்முறையைக் கைக்கொண்டால் நன்றாயிருக்கும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்கு இதனை விளக்க வெண்பாவே போதும். வெண்பா யாத்தல் அரிது. யான் எழுதியவற்றுட் பாதிக்குமேல் ஆசிரியர் கையிற் சிவப்பு மையுற்றே திரும்பின. ஆயினும் அதன் விதி ஒளிவுமறைவின்றி யாப்பருங்கலக் காரிகையில் உரைக்கப்பட்டுள்ளது. தளை தட்டினால் எந்தச் சீரில் தட்டிற்று என்று விரலால் தொட்டுக் காட்டலாம். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றில் முடியாவிடின் அது வெண்பாவன்று. முதல் நாளும் அன்று, நூறாம் நாளும் அன்று. இத்தகைய கடுமை மாணாக்கனைச் சோர்விக்கும், ஆனால் அவமதிப்பதில்லை. இதனையே யான் 'அருமை' என்பேன்.

இனிக் கொடுமைக்கு வருவோம். 1985ஆம் ஆண்டிலேயே காப்காம் நிறுவனம் வெளியிட்டது 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்லின்ஸ்'. கவசம் அணிந்த ஆர்தர் என்னும் வீரன் அதன் தலைவன். ஓரடி பட்டாற் கவசம் சிதறி உள்ளாடையோடு நிற்பான். இரண்டாம் அடியில் எலும்புக்கூடாவான். காண நகைப்பூட்டுவதே. ஆனால், அரும்பாடுபட்டு இறுதிக் கோட்டைவரை சென்றவன், குறித்த ஒரு படைக்கலம் தன் கையில் இல்லையேற் பின்னுக்கு அனுப்பப்படுவான். அதனையுங் கொண்டு வென்றவனுக்கோ, இதுவரை நீ கண்டது சாத்தான் காட்டிய மாயை என்ற செய்தி கிடைக்கும். முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து மறுபடி ஆடினாலன்றி உண்மையான முடிவு இல்லை. இஃது எங்கும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. இதனைக் கடுமை என்பதா, கைவிரித்து நகைத்தல் என்பதா?

இங்கு ஒரு தவறான முடிபைத் தவிர்க்க வேண்டும். ஆர்தர் வானில் எழும்பியபின் அவன் போக்கை மாற்ற இயலாது. அதுவே அவ்வாட்டத்தின் குற்றம் என்பர் பலர். யான் அவ்வாறு கருதவில்லை. கொனாமி நிறுவனத்தார் 1986இல் அளித்த 'காஸில்வேனியா'விலும் சைமன் பெல்மான்ட் தாவினால் தாவியதுதான். வில்லினின்று விடுத்த அம்பு திரும்பாதவாறு, அத்தாவலும் இடையிற் திரும்பாது. அவன் சாட்டையை ஓங்குதற்கும் வீசுதற்கும் இடையே ஒரு கணம் செல்லும். ஆயினும் அவ்வாட்டத்தின் பகைவர் அத்தாவலுக்கும் அக்கணத்திற்கும் பொருந்தவே அமைக்கப்பட்டுள்ளனர். அலைபோல் ஏறியிறங்கி வரும் மெதூசாத் தலைகளைத் தொடக்கத்தில் யான் வெறுத்தேன். அவை ஒரே அளவான அலையிற் செல்வன என்று கண்டபின், தாளம் போட்டுக்கொண்டு அவற்றின் ஊடே நடந்தேன். தாவல் எளிதாய் இருக்கவேண்டும் என்பதில்லை. எதிர்ப்படுவது அதற்கு ஒத்ததாய் இருக்கவேண்டும்.

அதே காஸில்வேனியாவில் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. அடிபட்டாற் சைமன் பின்னே தூக்கியெறியப்படுவான். பின்னே பள்ளமிருந்தால், உடம்பில் வலிமை எவ்வளவு எஞ்சியிருப்பினும், உயிர் போயிற்று. 1988இல் டெக்மோ நிறுவனம் வெளியிட்ட 'நிஞ்சா கெய்டன்' இக்கொடுமையை உச்சிக்குக் கொண்டுபோயிற்று. அதில் பறவைகள் பள்ளத்தின் எதிர்க்கரையிலிருந்து பாய்ந்து வரும். வெட்டி வீழ்த்தினோம் என்று ஓரடி பின்வாங்கினால், திரையின் ஓரத்தில் அதே பகைவன் மறுபடி தோன்றுவான். அவன் தோன்றுமிடம் திரைக்கு வெளியே சென்று உள்ளே வரும்தோறும் அவனும் உயிர்பெற்று வருதலே அவ்வாட்டத்தின் உள்ளமைப்பு. கடைசிப் பகைவனிடம் தோற்றால், ஆறாம் பகுதியின் தொடக்கத்திற்கே திருப்பி விடப்படுவோம். தொடர்ந்து ஆட எத்தனை முறையும் இடந்தருகின்றதே என்று அதன் அன்பர் வாதிப்பர். தருகின்றது, தந்துவிட்டு, கற்றதையே மீண்டும் ஒப்புவிக்கச் சொல்கின்றது.

அருமையும் கொடுமையும் ஓரிடத்திலேயே அருகருகே நிற்றலைக் காண விரும்புவார் 1987ஆம் ஆண்டின் 'மெகா மேன்' ஆட்டத்தில் ஐஸ் மேன் என்பானது கட்டத்திற்குச் செல்க. அங்கே தோன்றித் தோன்றி மறையும் கற்கள் உள. முதன்முறை காண்போன் திகைத்து வீழ்வான். ஆயினும் அவை தோன்றும் வரிசை மாறுவதில்லை. ஒவ்வொன்றும் ஒலியோடு தோன்றும். கண்ணும் காதும் ஒருங்கு பயின்றால் மனப்பாடமாகிவிடும். அதே கட்டத்திற் சிறிது தொலைவிற் பறக்கும் திட்டுக்கள் சில வரும். அவை எப்பக்கம் திரும்பும், எப்போது இறங்கும் என்று ஒருவராலும் உறுதி கூறவொண்ணாது. கற்களிடம் யான் பலமுறை தோற்றேன், சினம் வரவில்லை. திட்டுக்களிடம் நான்கு முறைதான் தோற்றேன். கருவியை அணைத்துவிட்டு உறங்கப் போனேன்.

இக்கொடுமைகள் எங்கிருந்து வந்தன? தாவல் விளையாட்டுத் தோன்றியது வீட்டிலன்று. காசு போட்டு ஆடும் பொறிகள் நிறைந்த கூடங்களில். ஆடுவோன் நெடுநேரம் பிழைத்திருந்தால் பொறிக்கு உடையவனுக்கு நட்டம். ஒரே முயற்சியில் மடிந்து வெறுத்துப் போனாலும் நட்டம். "இன்னும் ஒரு காசு போட்டாற் கடந்துவிடுவேன்" என்ற எண்ணம் எழுமாறு கொல்லுதலே கூடத்து ஆட்டத்தின் கலை. வீட்டுக்கு வந்தபின் அக்காசு மறைந்தது. ஆனால் மூன்று உயிர் என்னும் வழக்கம் மறையவில்லை. மற்றொரு காரணமும் உண்டு. 40 கிலோபைட்டில் எத்தனை கட்டங்களைத்தான் அடைத்தல் கூடும்? வல்லார் குறுக்குவழியே சென்று மாரியோவை ஐந்து நிமிடத்திற்குள் முடித்துவிடுகின்றனர். 32 கட்டங்களையும் ஆடினாலும் அவர்க்கு இருபது நிமிடத்திற்குமேல் ஆவதில்லை. விலை கொடுத்து வாங்கியவனுக்கு அவ்விருபது நிமிடம் பல மாதங்களாக நீளவேண்டுமாயின், வீழ்தலும் மீளத் தொடங்குதலும் இன்றியமையாதனவாயின. கடுமை ஆட்டத்தின் நீளத்திற்கு ஈடாக நின்றது என்று கூறினும் பிழையாகாது.

நிண்டெண்டோவும் இதில் அளவு கடந்ததுண்டு. 1986இல் ஜப்பானில் வெளியான இரண்டாம் மாரியோவில் நஞ்சுக் காளான் உண்டு. தாவும்போது தள்ளும் காற்று உண்டு. முன்னே கொண்டுசெல்லும் என்று நம்பி நுழைந்தவனை முதலுலகத்திற்கே இழுத்துச்செல்லும் குறுக்குவழியும் உண்டு. முதலாட்டம் கற்பித்த பாடங்களையே பொய்யாக்கிச் சிரிப்பது அது. அமெரிக்கர்க்கு அது மிகக் கடியது எனக் கருதி, 1988இல் வேறோர் ஆட்டத்தை மாரியோ வேடம் புனைந்து இரண்டாம் பாகமென அனுப்பினர். முன்னையது 1993இல்தான் அங்கே சென்றது.

கொடுமை காலத்தின் விளைவாயின், இக்காலத்துக் கருவிகொண்டு அதனை நீக்கிவிடலாமே என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. நிண்டெண்டோவின் 'ஸ்விட்ச்' கருவியில் இப்பழைய ஆட்டங்கள் சில கிடைக்கின்றன. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அவற்றைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதியும் உண்டு. இரண்டு பொத்தான்களை அழுத்தினாற் காலம் திரும்பும்; வீழ்ந்தவன் பள்ளத்தினின்று மேலெழுந்து விளிம்பில் நிற்பான். என் நண்பரொருவரின் கருவியில் நிஞ்சா கெய்டனை இவ்வாறு ஆடினேன். ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது. முடிந்ததும் எனக்குள் ஒன்றும் நிகழவில்லை. பறவை வந்தது, திருப்பினேன். மீண்டும் வந்தது, மீண்டும் திருப்பினேன். எந்த முறை சரியாக வாளை வீசினேன் என்பதும் நினைவில்லை. கொடுமையை நீக்கப் போய் அருமையையும் உடன் கழுவிவிட்டேன் என்று அப்போது தோன்றிற்று. வேலை முடித்து இரவில் இளைப்பாற ஆடுவார்க்கு அவ்வசதி வேண்டத்தக்கதே; அதனை இகழேன். எனக்கோ, ஆசிரியர் எழுதித்தந்த வெண்பாவைப் படியெடுத்தது போன்றிருந்தது.

இவ்விரண்டையும் பிரித்தெடுத்துக் காட்டியவர் பிற்காலத்தாரே. 2010இல் வந்த 'சூப்பர் மீட் பாய்' மாரியோவினும் பன்மடங்கு கடியது. ஆயினும் கட்டங்கள் மிகச் சிறியன, உயிருக்குக் கணக்கில்லை, மடிந்த கணமே தொடங்கிய இடத்தில் நிற்பான். கட்டத்தை வென்றதும், அதுவரை மடிந்த முயற்சிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் திரையில் ஓடவிட்டுக் காட்டுகின்றது. தோல்விகள் கூட்டமாய் ஓடி ஒவ்வொன்றாய் உதிர, ஒருவன் மட்டும் முடிவை அடைதலைக் காணலாம். 2018இல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் ஒரு பெண்ணின் கதை. மாடி தார்சன், நோயல் பெரி முதலியோர் அமைத்தது. விளிம்பைத் தாண்டிச் சில படங்கள் கழிந்தபின் பொத்தானை அழுத்தினாலும் தாவலை ஏற்றுக்கொள்ளும் நுட்பம் அதில் உண்டு. ஆடுவோன் "சரியாகத்தான் அழுத்தினேன்" என்று கருதுவது பொய்யாகாமல் விளையாட்டே காத்துக்கொள்கின்றது. கடினமென உணர்வார் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இவற்றை ஆடியோர் ஆயிரம் முறை மடிந்தேன் என்று மகிழ்ச்சியோடு சொல்லக் கேட்கின்றோம். ஆகவே மனிதர்க்குச் சினமூட்டுவது மடிதலன்று. மடிந்தபின், முன்னரே கடந்துவிட்ட வழியை மறுபடி நடக்கச்செய்து காலத்தைப் பறித்தலே சினமூட்டுவது.

இவ்வளவில் என் பழைய கட்சிக்கு வெற்றியென்று மாமாவிடம் கூறினேன். அவர் உடன்படவில்லை. "உயிர் எண்ணற்றது என்றால் கை நடுங்குமா?" என்று கேட்டார். பிறகு, யான் இதுவரை கேளாத ஒரு செய்தியைச் சொன்னார். பள்ளி விடுமுறை ஒன்றில் அவர் குறுக்குவழி எதிலும் நுழையாமல், முதற்கட்டந்தொட்டு ஒவ்வொன்றாகக் கடந்து, எட்டாம் உலகின் நான்காங் கட்டத்தை அடைந்தாராம். சரியான குழாயிற் புகாவிடின் வந்தவழிக்கே திருப்பும் புதிர்க்கோட்டை அது. கையில் எஞ்சியது ஓருயிர். தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப்பேர் பின்னே மூச்சடக்கி அமர்ந்திருந்தனர். மூன்றாவது குழாயில் இறங்கும்போது மின்சாரம் நின்றது. சேமித்துவைக்க வழியில்லாத ஆட்டம். இரண்டு மணிநேர உழைப்பு திரையோடு அவிந்தது. "அன்று நீங்கள் சினந்திலீரோ?" என்றேன். "சினந்தேன், மின்வாரியத்தின்மேல். ஆட்டத்தின்மேல் எனக்கு ஏன் சினம்? அது என்னை ஏமாற்றவில்லையே" என்றார். அந்த நடுக்கத்தை அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேலாக வைத்திருக்கின்றார். யான் நிஞ்சா கெய்டனை முடித்த பிற்பகல் எனக்கு ஒரு வாரமும் நிலைக்கவில்லை. இதற்கு என் அளவுகோலில் இடமில்லை என்பதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

யானும் மாரியோவை இப்போது திருப்பாமலே ஆடி வருகின்றேன். உயிரெல்லாம் இழந்தபின் முதற் பொத்தானை அழுத்திக்கொண்டே தொடங்கினால், மடிந்த உலகின் முதற்கட்டத்திலிருந்து தொடரலாம் என்பதனை அறிந்துகொண்டேன். இதனை மாமாவின் கூட்டாளிகளுள் ஒருவரும் அறிந்திலர். படியெடுத்த கருவியோடு விளக்கப் புத்தகம் ஏதும் வருவதில்லை, உரையின்றி மூலத்தையே படித்தவர்கள் அவர்கள். எட்டாம் உலகின் மூன்றாங் கட்டத்தில் இரட்டை இரட்டையாக நின்று சுத்தியல் எறியும் ஆமைகளிடம் தேங்கியிருக்கின்றேன். அவை எப்போது எறியும், எப்போது குதிக்கும் என்பதற்கு இதுவரை ஒரு முறையும் யான் கண்டிலேன். என் அளவுகோலின்படி இது கொடுமையின் பக்கமே சாயும். மாரியோவை அருமையின் எடுத்துக்காட்டாகக் கூறிய யானே இதனைச் சொல்லவேண்டியிருக்கின்றது. மாமாவோ அவற்றிற்கும் ஒரு தாளமுண்டு என்று சாதிக்கின்றார். வரும் கோடை விடுமுறையில் தாமே வந்து காட்டுவதாகவும், நான்காங் கட்டத்தைத் தமக்கே விட்டுவைக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கின்றார். பாட்டி வீட்டில் இப்போது இன்வெர்ட்டர் இருக்கின்றது.